அந்தச் சின்னத் தட்டு

இன்று டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, பூஞ்சை நாறும் ஒரு ஜாஸ் இசைத்தட்டின் அட்டை, நாலுவழிச் சாலைக்காக இடிக்கப்பட்ட எங்கள் அதியமான்கோட்டை வீட்டின் முன்னறைக்கே என்னை இழுத்துப்போனது. அம்மா இறந்த பின் ஞாயிறு மதியங்களில் அப்பாவும், ரேடியோ மெக்கானிக்கான அவர் சிநேகிதர் சலீம் மாமாவும், பெங்களூரில் பொறுக்கிவந்த தட்டுகளை அங்கேதான் ஓடவிடுவார்கள். இந்தச் சின்னத் தட்டில் ட்ரம்பெட்காரர் ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து இழுத்து ஊதும்போது, "பொண்டாட்டிய பறிகொடுத்தவருப்பா இவரு, இல்லாட்டி இப்பிடி அழுவ முடியுமா" என்பார் அப்பா, மாமா டீயை ஆற்றிக்கொண்டிருப்பார்.

அட்டையிலிருந்த பெயரைப் போனில் தேடிப் போட்டேன். அதே மெட்டு, கல்யாண வீட்டுப் பிள்ளைகள்போலத் துள்ளி ஓடியது. அப்போதுதான் உறைத்தது: சின்னத் தட்டு வேகமாகச் சுற்றவேண்டியது. எங்கள் ப்ளேயரின் குமிழோ பெரிய தட்டுக்கான மெதுவான வேகத்திலேயே இறுகிப்போயிருந்தது. மாமாவுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? கேட்கலாமென்றால் அவரும் இல்லை.

கட்டிலில் படுத்திருந்த அப்பா கொஞ்சநேரம் காதுகொடுத்தார்.

"இது அவரு இல்லம்மா," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "நிறுத்து."