பெண் பார்க்க வந்த கூலிங் கிளாஸ்

அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். ராயபுரத்தில் வீட்டுக்கு வீடு மெட்ராஸ் ஐ. என்னைப் பெண் பார்க்க வரவேண்டிய மாப்பிள்ளைக்கும் அவர் அம்மாவுக்கும் ரெண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டுவிட்டது. தள்ளிப்போடவும் வழியில்லை. மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். கிறிஸ்மஸுக்கு முந்தைய ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது.

என் அம்மாவுக்கோ தலைகால் புரியவில்லை. எனக்குப் பல் எடுப்பு. அதற்கு முன் வந்தவர்கள் பல்லை மட்டும் பார்த்துவிட்டு, பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

"மாதா கண்ணத் தொறந்துட்டாடி. நீ வாயத் தொறக்காம குந்து," என்றாள்.

மாப்பிள்ளை கூலிங் கிளாஸில் வந்தார். அவரையும் அவர் அம்மாவையும் ரிக்‌ஷாக்காரர்தான் கைப்பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தார். மாப்பிள்ளை எங்கள் பீரோவுக்கு ஒரு கும்பிடு போட்டார். அப்பா கேட்டதற்கெல்லாம் அவர் அம்மாவே பதில் சொன்னாள். அடக்கமான பையன் என்று அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி.

நான் காபியோடு வந்து நின்றேன். அவர் அம்மா ரிக்‌ஷாக்காரர் பக்கம் திரும்பி, "நைனா, பொண்ணு எப்டி கீது?" என்று கேட்டாள். ரிக்‌ஷாக்காரருக்கு வாய் நிறைய பஜ்ஜி. என் அம்மா அவசரமாக இன்னொரு தட்டை அவர் கையில் திணித்தாள்.

"சோக்கா கீதும்மா," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்குக் கண் சரியாகி இவர் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்போடு குடித்தனம் பண்ணப்போவது ரிக்‌ஷாக்காரரா, நானா?

"எனக்குப் பல்லு எடுப்பு," என்றேன். "வாய மூடிகினாலும் தெரியும். இப்பவே சொல்லிட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது. "அய்ய, இதானா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். மேலே முன்பல் ரெண்டையும் காணோம்.

"டேய், வாய மூடுடா!" என்று கத்தினாள் அவர் அம்மா.

"ஹார்பர்ல கயிறு அத்துகினு வந்து அடிச்சிட்சி," என்றார் அவர், என் குரல் வந்த பக்கம் திரும்பி. "பொண்ணு வூட்ல வாயத் தொறக்காதன்னு எங்கம்மா ஆர்டர். உன்ன மாதிரி பட்டுனு சொல்ல எனக்கு தில்லு வர்ல."

என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவர் வந்ததிலிருந்து அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் அந்தக் கறுப்புக் கண்ணாடியை மட்டும். வாய் பக்கம் பார்வை போகவேயில்லை.

அந்தச் சிரிப்போடு எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதையும் அங்கேயே, எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.