இல்லாத பின்னல்

தெரணியகலை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த அம்மா, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். ஆண்களைப்போல ஒட்ட வெட்டிய நரைமுடி. ஆனாலும் அவர் கை அடிக்கடி பிடரிக்குப் போய், இல்லாத பின்னலை முன்னால் எடுத்துப் போட்டது.

"கதிர்காமத்துக்கு முடி குடுத்த நேர்த்தியா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்க. விடிய முந்தி வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்கு ஓடணும், சிக்கெடுக்க எங்க நேரம்? நானே வெட்டிக்கிட்டேன். முந்தி மகதான் பின்னிவிடும்."

"மகள் இப்ப எங்க?"

"கொழும்புல, வீட்டு வேலைக்கு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த வீட்டுப் புள்ள ஸ்கூலுக்குப் போக, காலையில எம் மகதான் தலை பின்னிவிடுதாம்."

ஸ்கூல் நாட்களில் எனக்கும் எங்கள் வீட்டில் வேலைக்கு இருந்த ஒரு தோட்டத்துப் பிள்ளைதான் பின்னிவிட்டாள். அவளுக்கும் ஓர் அம்மா இருந்திருப்பார் என்பது, பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது.