பேருக்காரிக்கு வந்த வேலை

எழுபதுகளின் தொடக்கம் அது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த ஒரு வாடகை வீட்டில், நர்ஸ் படிப்பை முடித்த சான்றிதழை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, ஒன்றரை வருஷமாக நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்பா பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் ஃபியூஸ் கட்டை அச்சடிக்கும் வேலை பார்த்தார். சாயங்காலம் வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளைவெளேர் என்று பீங்கான் களிமண் தூசி படிந்திருக்கும். கடலூரில் நான் மூன்றரை வருஷம் பயிற்சியில் இருந்தபோதே, கூட வேலை செய்கிறவர்களிடம் "எம் பொண்ணு நர்சு" என்று சொல்லி வைத்துவிட்டார். படிப்பு முடிந்த பிறகு யாராவது "பொண்ணு எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டால் "உத்தரவு வரணும்" என்பார். அந்த உத்தரவுதான் வந்தபாடில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, அட்டையை ஒரு தடவை புதுப்பித்தும் ஆயிற்று. தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போனால் ஒரே கேள்விதான், அனுபவம் இருக்கிறதா என்று. ஒரு டாக்டர், "எங்கியாச்சும் ரெண்டு வருஷம் வேல பாத்துட்டு வாம்மா, எடுத்துக்கறேன்" என்றார், நல்லவிதமாகத்தான். எங்கே போய்ப் பார்ப்பது என்று திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஆனி மாதம், ஊருக்குள்ளேயே ஒரு டாக்டரம்மா நடத்திய ஆஸ்பத்திரிக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். நேரில் வரச் சொன்னார்கள். ஒரே ஒரு இடத்துக்குப் பத்துப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கிளார்க் வெளியே வந்து என் பெயரைக் கூப்பிட்டார். நான் எழுந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணும் எழுந்தார். பெயர் ஒன்று, இனிஷியலும் ஒன்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கழுத்தில் தாலி. வேப்பூர் பக்கத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார்.

"நீயே முதல்ல போ, பேருக்காரி" என்றார். அதன் பிறகு எனக்கு அவர் வைத்த பெயர் அதுதான்.

உள்ளே டாக்டரம்மா என் விண்ணப்பத்தைப் பார்த்தார். "அனுபவம் ஒண்ணும் இல்லியேம்மா. சரி, எழுதறோம்" என்றார். அந்த "எழுதறோம்" எனக்குப் பழக்கமானதுதான். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் உண்மையிலேயே எழுதிவிட்டார்கள். ஆஸ்பத்திரி பெயர் அச்சடித்த உறையில், என் பெயரும் எங்கள் வீட்டு விலாசமும் போட்டுக் கடிதம் வந்தது. 'தங்களுடைய மூன்று ஆண்டு அனுபவத்தை முன்னிட்டு' என்னை நர்ஸாக எடுத்துக்கொள்வதாக இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது.

அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. எனக்கு ஏது மூன்று ஆண்டு? பயிற்சிக் காலத்தைத்தான் அனுபவம் என்கிறார்களோ? அது மூன்றரை ஆயிற்றே? பெஞ்சில் என்னுடன் எழுந்து நின்ற அந்த அக்காவின் முகமும் ஞாபகத்துக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

"என்னா போட்டிருக்குது, படிச்சிக் காட்டு பாப்பா" என்றார் அப்பா. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிப் போய்விட்டேன். வேண்டுமென்றுதான் தாண்டினேனா என்று கேட்டால், அப்போது எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

நான் சேர்ந்த அன்று டாக்டரம்மா ஊரில் இல்லை. மகளுடைய பிரசவத்துக்காகச் சென்னைக்குப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த ஒரு சின்ன டாக்டர் பார்த்துக்கொண்டார். கிளார்க் கடிதத்தைப் பார்த்துவிட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பினார். அவ்வளவுதான். நான் நர்ஸ் ஆகிவிட்டேன்.

அந்த முதல் வாரத்தை எப்படிச் சொல்வது? சிரிஞ்சுகளைக் கொதிக்க வைப்பேன், கட்டுப் போடுவேன், ஊசி போடுவேன். சூளையில் கையைச் சுட்டுக்கொண்டு வந்த ஒருவர் "உங்க கை வலிக்கவே இல்லிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது கால் தரையில் பாவவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்த ஆயாம்மா ஒரு நாள், கிளார்க் சொன்னதை வைத்து, "மூணு வருஷம் எந்த ஊருல வேல பாத்த சிஸ்டரு?" என்று சாதாரணமாகக் கேட்டார். "கடலூர்தான்" என்றேன். அது பொய்யா, பாதிப் பொய்யா என்று அன்று முழுவதும் எனக்கே புரியவில்லை. அதற்குள் எல்லோரும் என்னை அனுபவசாலி என்று நம்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

எட்டாவது நாள் காலை, சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வயிற்றுப்போக்கில் குழந்தை துவண்டு, கண் உள்ளே போயிருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். சின்ன டாக்டர் வேறொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டே, "சிஸ்டர், நீங்க போட்டுடுங்க. உங்களுக்குப் பழக்கம் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவு சின்னக் குழந்தைக்கு நான் தனியாக நரம்பு பிடித்ததே இல்லை. பயிற்சியில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், குழந்தையின் கையை அசையாமல் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை, 'தெரியாது' என்று. சொன்னால் அந்த மூன்று வருஷம் எங்கே என்று கேட்பார்களே? வாயை மூடிக்கொண்டு ஊசியை எடுத்தேன்.

முதல் குத்து தவறிவிட்டது. இரண்டாவதும் தவறிவிட்டது. மூன்றாவதில் ரத்தம் வந்தது, நரம்பு நிற்கவில்லை. குழந்தை அழக்கூட இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. அந்தத் தாய் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பரவால்ல நர்சம்மா, பாத்து மெதுவாப் போடுங்க. நீங்க நல்லாத் தெரிஞ்சவங்கன்னு ஆயாம்மா சொன்னாங்க" என்றாள்.

நாலாவது குத்துக்கு முன்னால் சின்ன டாக்டர் திரும்பிப் பார்த்தார். என் கையிலிருந்து ஊசியை வாங்கி, குழந்தையின் காலில் நரம்பைத் தேடிப் போட்டார். சாயங்காலம் குழந்தை கண்ணைத் திறந்து பால் கேட்டது. தப்பித்தது குழந்தையா நானா என்று தெரியாமல், மருந்து வைக்கிற அறையில் போய் நின்று அழுதேன்.

மறுநாள், என் விண்ணப்பத்தில் விலாசத்தைத் திருத்த வேண்டும் என்று கிளார்க்கிடம் சொல்லி ஃபைலை வாங்கினேன். ஒரே பெயரில் இரண்டு விண்ணப்பங்கள், ஒரே குண்டூசியில். ஒன்றில் சிவப்புப் பென்சிலில் சரி என்று ஒரு குறி. அதில் மூன்று ஆண்டு அனுபவம் என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் பெருக்கல் குறி. அது என்னுடையது. அந்த அக்காவுக்குப் போக வேண்டிய கடிதத்தின் உறையில் கிளார்க் என் விலாசத்தை எழுதிவிட்டிருக்கிறார். வேப்பூர் பக்கத்து விலாசத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஃபைலைத் திருப்பிக் கொடுத்தேன். கிளார்க்கிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. வீட்டில் ஏதோ காரணம் சொல்லிவிட்டு வேப்பூர் பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம், அந்த அக்கா வீட்டில் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும், இருக்க வேண்டும் என்றும் மாறிமாறி நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு தடவை எழுந்து நின்றேன்.

நெடுஞ்சாலையில் இறங்கி, காய்ந்த நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு மைல் நடந்தேன். அக்கா வாசலில் விறகு உடைத்துக்கொண்டிருந்தார்.

"அட, பேருக்காரி! நீயா? ஏன் வெயில்ல நிக்கற, உள்ள வா."

தண்ணீர் கொடுத்தார். குடிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் வரியைத் தாண்டியதையும் குழந்தையையும்கூட. கடிதத்தை நீட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"மூணு வருஷம் எனக்கு மட்டும் ஏது தங்கச்சி? அது நான் சும்மா எழுதுனது!"

கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி அந்த வரியை மறுபடி பார்த்தேன்.

"படிச்சி முடிச்ச வருஷமே கல்யாணம் பண்ணிட்டாங்க. வூட்டோட இருந்துட்டேன். இப்ப ரெண்டு வருஷமா மழ இல்ல, கொல்லையில போட்ட மல்லாட்ட பூராவும் காஞ்சி பூட்டுது. வேலைக்குப் போலாம்னா எங்க போனாலும் அனுபவம் அனுபவம்ங்கறாங்க. எழுதித்தான் பாப்பமேன்னு எழுதிட்டேன்." சிரிப்பு நின்றுவிட்டது. "இந்தப் பக்கம் நாலு ஊருக்குப் புள்ளப் பேறுன்னா என்னத்தான் கூட்டினு போறாங்க. அத அனுபவம்னு யாரு எழுதிக் குடுப்பாங்க, சொல்லு."

"அப்ப இந்த வேல யாருக்குக்கா வந்துது?" என்று கேட்டேன்.

"தெரியலியே தங்கச்சி" என்றார்.

இருவரும் அந்தக் கடிதத்தை நடுவில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு வேலை வேண்டும். அவருக்கும் வேண்டும். நீ வைத்துக்கொள் என்று சொல்ல இருவருக்குமே மனம் வரவில்லை. கடைசியில் அவர்தான், "நாளைக்கு டாக்டரம்மா வந்துடுவாங்கன்ற இல்ல? ரெண்டு பேருமே போயி நிப்போம். வர்றது வரட்டும்" என்றார்.

மறுநாள் காலை போய் நின்றோம். நான் முதலில் சொன்னேன், பிறகு அக்கா சொன்னார். டாக்டரம்மா குரலை உயர்த்தவே இல்லை. "ரெண்டு பேரும் வெளியில உக்காருங்க" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். அரைமணி ஆகியிருக்கும். பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கர்ப்பிணியை ரிக்‌ஷாவில் கொண்டு வந்து இறக்கினார்கள். வலியில் அவளால் நடக்க முடியவில்லை. அக்கா சட்டென்று எழுந்தார். தன் பையை என் மடியில் வைத்தார். அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

நான் எழுந்திருக்கவில்லை. வேலையில் சேர்ந்து நோட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். எழுந்து ஓட வேண்டியவள் நான்தான். ஆனால் இது இப்போது யாருடைய வேலை, நான் உள்ளே போகலாமா என்று யோசித்துக்கொண்டே, மடியில் பையுடன் உட்கார்ந்திருந்தேன். உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. அவசரமே இல்லாத குரல். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் அழுகைச் சத்தமும் கேட்டது.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நீ ஏம்மா எழுந்திருக்கல?"

"இது என் வேலையான்னு தெரியல டாக்டர்."

வேலை அக்காவுக்கு என்று சொன்னார். எனக்கு அதில் மறுபேச்சு இல்லை. அந்தக் குரலை நானும்தானே கேட்டேன்? பிறகு கிளார்க்கைக் கூப்பிட்டு எனக்கு ஒரு சான்றிதழ் டைப் அடிக்கச் சொன்னார். "பதினோரு நாளுன்னுதான் போடுவேன். ஒரு நாள்கூட கூட்டிப் போட மாட்டேன்" என்றார். கோபமா, பரிவா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன், தாண்டிய வரியையும் சேர்த்து. கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு வேல கெடச்சிதுல்ல?"

"கெடச்சிதுப்பா."

"சரி, சாப்புடு. யாராச்சும் கேட்டா, மறுபடியும் உத்தரவு வரணும்னு சொல்லிக்கறேன்."

ஐந்து மாதம் கழித்து, ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கான நேர்முகத்தில் அந்தச் சான்றிதழை நீட்டினேன். "பதினோரு நாளா?" என்று அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. ஒன்றரை மாதத்தில் உத்தரவு வந்தது. நான் சொன்னதை நம்பித்தான் கொடுத்தார்களா, பஸ் போகாத அந்த ஊருக்கு வேறு யாரும் வர ஒப்புக்கொள்ளவில்லையா, எனக்குத் தெரியாது.

அக்காவும் நானும் வெகுகாலம் கடிதம் எழுதிக்கொண்டோம். அனுப்புகிறவர், பெறுகிறவர் இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருக்கும். எங்கள் ஊர்த் தபால்காரர் ஒரு தடவை, "ஏம்மா, உங்களுக்கு நீங்களே எழுதிக்கறீங்களா?" என்று கேட்டார்.

அன்றைக்கு என்னை வேப்பூர் பஸ்ஸில் ஏற்றியது மனசாட்சியா, அந்தக் குழந்தையின் முன்னால் வந்த பயமா என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஏன் செய்கிறோம் என்று தெளிவாகத் தெரியாமலே ஒரு மனுஷி சரியான காரியத்தைச் செய்துவிட முடியும் என்பது மட்டும் இன்றைக்கும் எனக்குத் தைரியம் தருகிறது.