கோலைப் பிடித்து இழுத்தவர்

பார்வை போன பின், மறுவாழ்வு மையத்தில் வெள்ளைக் கோலுடன் நடக்கப் பயிற்சி பெற்று, குரோம்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறேன். அன்று காலை ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடப்பதற்காக, வண்டிச் சத்தம் அடங்கட்டும் என்று ஓரமாக நின்றிருந்தேன்.

"வாம்மா, நான் இட்டுகினு போறேன்" என்று ஒருவர் என் கோலின் நுனியைப் பிடித்து இழுத்தார். "விடுங்க சார்" என்று கத்தியும் விடவில்லை. நடு ரோட்டில் லாரி ஹாரன் அலறியதும் கோலை விட்டுவிட்டு ஓடிவிட்டார். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் உறைந்து நின்றேன். பிரேக் கிறீச்சிட்டது. லாரியின் அனல் முகத்தில் அடித்தது.

"கண்ணு தெரியாத பொம்பளைக்கு ரோட்ல இன்னா வேலை? வூட்லயே கெடக்க வேண்டியதுதானே!" என்று டிரைவர் திட்டியது என்னைத்தான். தடுமாறி எதிர்ப்பக்கம் சேர்ந்தேன். அங்கே இழுத்தவரின் குரல் கேட்டது.

"பாவமேன்னு உதவி பண்ணேன். ஒரு தேங்க்ஸ் கூட சொல்லலியே!"

"உங்களால செத்திருப்பேன்! உங்க பரிதாபம் யாருக்கு வேணும்?" என்று கத்தினேன். எனக்குத்தான் திமிர் என்றது கூட்டம். இருக்கட்டும்.

இப்போதெல்லாம் யாராவது கோலைத் தொட்டால் நான் ஓரடிகூட நகர்வதில்லை. முழங்கையை நீட்டச் சொல்லி, அதை நான் பிடித்துக்கொள்கிறேன். அதற்குச் சம்மதிக்காதவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகட்டும்.