சந்தனம் அப்பிய பிரஜாவுரிமை

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் முருகன், அந்தோனியார், அம்மாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் என்று மூன்று தெய்வங்கள். அதிகம் சந்தனம் வாங்கியது சான்றிதழ்தான். அது கையில் கிடைத்த அன்று அப்பா தேங்காய் உடைத்து, தாளின் நடுவில் பொட்டு வைத்து, சட்டம் அடித்து மாட்டினார். கண்ணாடி போடவில்லை. சாமிக்கு மூச்சு முட்டுமாம்! அப்பா காலமான பிறகும் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் பூசினார்.

போன வருடம் திருச்சியிலிருந்து மாமா போன் எடுத்தார். அம்மாவின் அண்ணன். இருவரும் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து இந்திய வம்சாவளி என்று எங்கள் ஆட்களைப் பங்கு போட்டபோது அண்ணன் இந்தியாவுக்குப் போனார், தங்கை இலங்கைக்கு விழுந்தார். அங்கே மாமாவுக்கு ‘தாயகம் திரும்பியோர்’ என்று பட்டம். போகாத ஊருக்கு மனுஷன் எப்படி ஐயா திரும்புவான்? எழுதினவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

“ஈரல் போயிருச்சு புள்ள,” என்றார் மாமா. “கண்ண மூடுறதுக்குள்ள ஒருக்கா வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ.”

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவருக்குப் பாஸ்போர்ட் என்ற ஒன்றே கிடையாது. எடுக்கப் போனால், பிறப்பால் இல்லை, பதிவுப் பிரஜை என்பதால் மூலச் சான்றிதழைக் கேட்டார்கள். சட்டத்தோடு கழற்றி, பட்டுத்துணியில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனோம்.

கவுண்டரில் இருந்த சிங்களப் பெண் துணியைப் பிரித்தார். உள்ளங்கை கனத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். இலக்கம் அதற்குக் கீழே.

“இத சுரண்டிட்டு நம்பரப் பாருங்க,” என்றேன் சிங்களத்தில்.

“அனே, மட்ட பே!” என்னால் முடியாது என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கும்பிட்ட பொருளாம், பாவமாம். மேலதிகாரி வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றினார்! பியோனைக் கூப்பிட்டு, கீழே வைக்காதே என்று அதை அலுமாரியின் மேல் ஏற்றினார். இலக்கம் இல்லாமல் ஒன்றும் நகராது, ஆனால் அங்கே ஒருவரும் தொடத் தயாரில்லை. நாங்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அந்தப் பெண் அதை ஒருமுறை கும்பிடவும் செய்தார். எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டலாம் போலிருந்தது.

நேரே நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போனோம். சட்டத்தரணி வெள்ளவத்தைக்காரர், யாழ்ப்பாணத்து ஆள். சட்டம் என்றால் அவருக்கு அல்வா.

“அம்மா பிறக்கேக்க பிரிட்டிஷ் பிரஜை. பிறகு சட்டம் வந்து நாடற்றவர். பிறகு பதிவுப் பிரஜை. விளங்குதோ?”

“நா எங்கயும் போகலயே தம்பி,” என்றார் அம்மா. “கொட்டாஞ்சேனையிலதானே இருந்தேன்.”

சட்டத்தரணி பட்டுத்துணியை இழுத்துச் சான்றிதழை மூடினார். பிறகு, “சட்டப்படி சுரண்டலாம், ஓம். ஆனா நான் கை வைக்கமாட்டன்,” என்றார்.

“நீங்களுமா!” என்று கத்தினேன்.

வீட்டுக்கு வந்து நானே கத்தியை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாமி மொகத்தையாடா சுரண்டப் போற?” என்று அழுதார்.

“அப்ப மாமாவ?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் பார்த்தால் சாமித்தட்டில் மாவிலையும் தேங்காயும் வைத்து ஒரு செம்பு. கோயில் திருப்பணியின்போது மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றுவார்களே, பாலஸ்தாபனம், அதை அம்மா சான்றிதழுக்குச் செய்திருந்தார்! “சாமி செம்புக்குள்ள போயிருச்சு. இப்ப இது வெறுந்தாளு,” என்று ஈரப்பஞ்சை என்னிடம் நீட்டினார். மத்தியானம்வரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுத்தோம். மஞ்சள் கறைக்கு அடியில் இலக்கம் தெரிந்தது. அம்மா குலவையிட்டார்.

பாஸ்போர்ட் வந்தது, விசாவும் வந்தது. திருச்சி விமான நிலையத்தில் அம்மா வெளிநாட்டவர் வரிசையில் நின்றார்.

மாமா கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, “சிலோன்காரருக்கு விருந்தாளி வந்திருக்காங்க போல,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இங்க ஒன்ன சிலோன்காரன்றா. அங்க என்ன இந்தியாக்காரின்றான். ஆள மாத்தி அனுப்பிட்டானுகளாண்ணே?”

மாமாவும் சிரித்தார், இருமினார். அம்மாவின் விரல்களை விடவே இல்லை.

“என்னயும் கூட்டிட்டுப் போயிரு புள்ள. அந்த வீட்டுலயே கெடந்துர்றேன்.”

அம்மா என்னைப் பார்த்தார். “விசா எடுக்கணும்ணே,” என்றேன் நான், அண்ணன் என்று என் வாயில் எப்படி வந்ததென்று தெரியாமல்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. தங்கையைத்தான் பார்த்தார்.

“நம்ம வீட்டுக்கா?”

“ஆமாண்ணே,” என்றார் அம்மா. “நம்ம வீட்டுக்குத்தான்.”