புண் இல்லாத முதுகு

நாகல் நகரில் அறிவுச்செல்வியின் வீட்டுக்குப் போக விலாசமே வேண்டாம். பட்டாளத்துக்காரர் வீடு என்றால் போதும், ஆட்டோக்காரர் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். படி இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்டுச் சரிவு இருக்கும். காலை எட்டு மணிக்கு அந்தச் சரிவில் ஒரு சக்கர நாற்காலி இறங்கி வெயிலுக்கு வரும். அதில் அவள் புருஷன், ஓய்வுபெற்ற ஹவில்தார் சேவியர், உட்கார்ந்திருப்பார். முகம் மழமழவென்று இருக்கும். சட்டைக் கையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். பதினோரு வருடமாகத் தரையில் ஊன்றாத கால்களில் ஷூ பளபளக்கும்.

தெருவில் போகிறவர்கள் "மனுசனுக்கு என்ன கம்பீரம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் கம்பீரத்தை ஒருத்தி ஐந்து மணிக்கு எழுந்து, மூன்று மணி நேரம் முதுகு ஒடியத் தயார் பண்ணுகிறாள் என்று ஒருவராவது நினைத்ததுண்டா? அதுதான் இல்லை.

வடக்கே மலைப்பாதையில் லாரி உருண்டதில் சேவியரின் முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வலது கையும் பாதி வேலைக்குத்தான் ஆகும். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு நர்ஸ் அறிவுச்செல்வியைத் தனியே கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிவிட வேண்டும், தவறினால் படுக்கைப்புண் வரும், அந்தப் புண்ணே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று சொன்னார். அன்று பிடித்த கடிகாரத்தை அவள் இன்றுவரை விடவில்லை. கல்யாணப் பந்தியில் பாதி இலையோடு எழுந்து வந்திருக்கிறாள். ஃபாதர் பிரசங்கத்தை இழுத்தால் அவரையும் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவாள். மகள் கோயம்புத்தூரில் நர்சிங் சேர்ந்தபோது கொண்டுபோய் விட்டதுகூடத் தாய்மாமன்தான். போர்வீரனுக்கு முதுகில் புண் ஆகாது என்று நம் பக்கம் சொல்வார்கள். சேவியரின் முதுகுக்கு அந்த மானத்தைக் காத்தவள் அறிவுச்செல்விதான்.

போன ஆடியில் அவளுடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. கொண்டை போடக்கூடக் கை மேலே போகவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "இனிமே தண்ணிக் குடம் தூக்கக் கூடாதும்மா" என்றார். குடமாம்! எழுபது கிலோ ஆளைத் தினமும் எட்டுத் தடவை தூக்குகிறவளிடம் சொல்கிற பேச்சா இது? வீட்டுக்கு வந்து புருஷனிடம், "ஒண்ணுமில்லங்க, சுளுக்குதேன்" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

ஒரு கையெழுத்து வாங்க முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனபோது, அங்கே வேலை பார்க்கும் பாண்டிச்செல்வி அவள் கையைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க்கா, பேனாவையே இப்படிப் பிடிக்கிறீங்களே, அண்ணனை எப்படித் தூக்குறீங்க? உதவியாள் படி வருதுல்ல?"

"அப்படின்னா?"

பாண்டிச்செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். கூடவே ஓர் ஆள் இருந்தால்தான் நாளை ஓட்ட முடியும் என்ற நிலையில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்குப் பென்ஷனோடு அரசாங்கம் கொடுக்கும் படி அது. வந்தால், தூக்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். அன்றே மனு எழுதினார்கள். மருத்துவக் குழுவுக்கு முன் ஆஜராகும்படி கடிதமும் வந்தது.

அங்கேதான் அறிவுச்செல்வி பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி செய்யக்கூடிய தப்பைச் செய்தாள். பெரிய அதிகாரிகள் பார்க்கப் போகிறார்களே என்று புருஷனை மாப்பிள்ளை மாதிரி ஜோடித்தாள். மீசையை ஒதுக்கி, பட்டாளத்து டையைக் கட்டி, நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். அறைக்குள்ளே அவரை மட்டும் கூப்பிட்டார்கள். அவள் வெளியே பெஞ்சில் இருந்தாள்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். "ஃபைன் சார்." குளிக்கிறீர்களா? "டெய்லி சார்." சாப்பாடு, உடுப்பு எல்லாம்? "நோ பிராப்ளம் சார்." இருபது வருடம் மேலதிகாரி முன்னால் வேறு பதிலே சொல்லிப் பழகாத வாய். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? 'தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்கிறார், உதவியாள் தேவையில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கடிதம் வந்த நாளில் அவள் சண்டை போடவில்லை. என்னத்தைச் சண்டை போட? மறுவாரம் இஸ்திரிக்கு எடுத்த சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. இடது கையால் எழுதிய கோணல் இங்கிலீஷ். நடக்க முடியாத படைவீரர்களுக்கு வடக்கே நடக்கும் ஓர் இல்லத்துக்கு எழுதியிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'என் மனைவியால் இனி முடியாது. தயவுசெய்து ஒரு படுக்கை கொடுங்கள்.'

படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. யாரைக் கேட்டு எழுதினார் இந்த மனுஷன்? அப்புறம் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். காகிதத்தை இஸ்திரி மேசை விரிப்புக்கு அடியில் சொருகினாள். சேவியர் இரண்டு நாள் பையைத் தடவித் தடவிப் பார்த்தார். கேட்க முடியுமா அவரால்? ஆனால் இன்னொன்று எழுத எத்தனை நாள் ஆகும்? அதற்குள் படி வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆள் வீட்டில் தங்கமாட்டார்.

மேல்மனு போட்டார்கள். இந்தத் தடவை ஒரு ராணுவ டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. பாண்டிச்செல்வி போனில் கண்டிப்பாகச் சொன்னாள்.

"அக்கா, கும்பிட்டுக் கேக்குறேன், சோடிக்காதீங்க. மூணு நாளைக்குச் சவரம் வேணாம். பழைய கைலியோட படுக்கையில கிடக்கட்டும். பாத்தவுடனே அவங்களுக்குப் புரியணும்."

சரி என்றாள். இரண்டு நாள் ஓடியது. தாடி நரைத்து முளைத்தது. தெருவில், "அண்ணனுக்கு உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள், டாக்டரம்மா வருவதாக இருந்த அன்று காலையில் வாய் கொப்பளிக்க வைத்தபோது, எதிரே இருந்த கண்ணாடியில் முகம் பட்டுவிடாமல் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான், அறிவுச்செல்விக்குத் தாங்கவில்லை.

"படியும் வேணாம் கிடியும் வேணாம்" என்று சவரப் பெட்டியை எடுத்தாள். "இந்தா, மூஞ்சியக் காட்டுங்க."

டாக்டரம்மா பத்தரைக்கு வந்தார். மேஜர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், தமிழிலேயே பேசினார். எதிரே சேவியர் மடிப்புச் சட்டையும் ஷூவுமாக நாற்காலியில் நிமிர்ந்திருந்தார்.

"எப்படி இருக்கீங்க ஹவில்தார்?"

"ஃபைன் மேடம்."

"குளிக்கிறதெல்லாம்?"

"டெய்லி மேடம்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள். கேள்விகள் அதே வரிசையில் வந்துகொண்டிருந்தன. சுவர்க் கடிகாரம் பதினொன்றைக் காட்டியது. அவள் எழுந்தாள்.

"செத்த இருங்க மேடம். இவரைப் படுக்கையில போட்டுப் புரட்டணும்."

"இன்னும் அஞ்சு நிமிஷம்தாம்மா, முடிச்சிடலாம்."

"மன்னிச்சுக்கங்க மேடம். மணி பதினொண்ணாயிருச்சு."

அவருடைய இடது கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். தன் முட்டியை அவர் முட்டிக்கு முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்து, ஒரே தூக்கில் கட்டிலுக்கு மாற்றினாள். குப்புறப் புரட்டிச் சட்டையை ஏற்றிவிட்டாள். டார்ச் அடித்து, தோள்பட்டையிலிருந்து குதிகால் வரைக்கும் எலும்பு முட்டும் இடங்களை எல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வேடிக்கை காட்டுவதற்காகச் செய்யவில்லை. பதினோரு மணிக்கு அவள் எப்போதும் செய்வது அதுதான்.

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார். தானும் குனிந்து பார்த்தார்.

"எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு மேடம்."

"ஒரு தழும்புகூட இல்லையே. மூணு ஷிப்டு நர்ஸ் வச்சும் எங்களால இப்படிப் பார்த்துக்க முடியறதில்ல." பிறகு குனிந்தபடியே கேட்டார். "ஹவில்தார், யாரு இதையெல்லாம் செய்யறது?"

சேவியர் முகம் தலையணையில் இருந்தது.

"இவதான் மேடம்," என்றார். "அன்னைக்கு நான் பொய் சொல்லல. டெய்லி குளிக்கிறேன்னேன். குளிப்பாட்டுறது யாருன்னு அவங்க கேக்கல, நானும் சொல்லல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. இவ தோள் போயிருச்சு மேடம். சுளுக்குன்னு என்கிட்ட சொல்றா. என்னத் தூக்குறப்ப பல்லைக் கடிக்கிறா. இவ வாய் அப்ப என் காதுகிட்டதான் இருக்கு. எனக்குக் கேக்காதா?"

அறிவுச்செல்வி டார்ச்சை அணைக்க மறந்து நின்றாள். பூசணிக்காய் என்றைக்கோ வெளியே தெரிந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

டாக்டரம்மா எழுதினார், நிறைய எழுதினார். எழுதி முடித்துப் பையை மூடிவிட்டு, "உங்க கையைத் தூக்குங்க, பார்ப்போம்" என்றார். தன் புருஷனைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அவள் கட்டிலைப் பார்த்தாள். "உங்களைத்தாம்மா." எத்தனையோ டாக்டர்கள் வந்துபோன அந்த வீட்டில் அவளைப் பார்த்து ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

உத்தரவு வர இரண்டு மாதம் ஆயிற்று. பாண்டிச்செல்வி போனில், "வந்துருச்சுக்கா" என்றாள். செம்பட்டியிலிருந்து ஆண்டனிராஜ் வேலைக்கு வந்தான். ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவன், சேவியரை மூட்டை மாதிரி இல்லாமல் மனுஷனாகத் தூக்கத் தெரிந்தவன். முதல் நாள் அவனைப் பக்கத்திலேயே நின்று பாடாய்ப் படுத்தினாள். டார்ச் அடிச்சியா, குதிகால் பாத்தியா, ஷூவுக்குப் பாலிஷ் போட்டியா என்று. இரண்டாம் வாரம் பிசியோதெரபிக்குப் போனாள். மணி பதினொன்று அடித்தபோது அவள் வேறொரு கட்டிலில் படுத்திருந்தாள், அவள் தோளை வேறொருவர் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சேவியர் நாற்காலியைப் பக்கத்தில் உருட்டி வந்தார்.

"செல்வி, முன்னாடி என் சட்டைப் பையில ஒரு காகிதம் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"எங்க அது?"

"இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகிப் போச்சு," என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமலே.

சேவியர் மேசை விரிப்பின் ஓரத்தில் எட்டிப் பார்த்த காகித முனையைப் பார்த்தார். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தோளு எப்படி இருக்கு?"

'ஒண்ணுமில்லங்க' என்று சொல்லத்தான் வாய் எடுத்தாள். பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வலிக்குதுங்க," என்றாள். "ரொம்ப நாளா வலிக்குது."

அவர் இடது கையை நீட்டினார். அவள் தோளைக் காட்டினாள்.