மணம் வெளியே போகாமல்

இப்போதும் மகளின் அறைக் கதவைத் திறந்து பார்க்கிறேன். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது பிடிப்பதில்லை. "அம்மா, நான் உயிரோடதான் இருக்கிறன்" என்கிறாள், கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். பகிடிக்குத்தான் சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். இரண்டு நிமிடத்தில், உண்மையிலேயே திறந்துதான் இருந்ததா என்று மறுபடி போகிறேன்.

சென்ற கோடை விடுமுறைக்குக் கணவர் பழைய பூபில் ஒன்று வாங்கினார். படுக்கையும் அடுப்பும் வைத்த வீட்டு வாகனத்துக்கு நோர்வேயில் அதுதான் பெயர். எங்களுக்குக் கலியாணம் ஆவதற்கு முன்பே ஓடத் தொடங்கிய வண்டி. பக்கமெல்லாம் மண்ணிறக் கோடு, உள்ளே செம்மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை. இழுப்பறை ஒவ்வொன்றையும் திறந்து திறந்து காட்டினார். "இந்தப் பலகையெல்லாம் இப்ப எங்கை கிடைக்கும்?" மகள் சொன்னாள்: "நூதனசாலையில கிடைக்கும், அப்பா."

ஒஸ்லோவின் ஓரம், எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் மாடிக் கட்டடத்தின் முன்னால் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தார். மேல் மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"இஞ்சேருங்கோ, கெதியா ஏறுங்கோ. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். தேசிக்காயை நசிச்சா பொலிஸ் பிடிக்குமோ?"

நான் அப்படித்தான். நான் வேலை செய்வது பாலர் பள்ளியில். ஒருநாள் மடியில் வந்து இருந்த சின்னப் பிள்ளை என் கழுத்தில் மூக்கை வைத்து, "உங்களில் சாப்பாடு மணக்கிறது" என்றது. குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று தொடங்கி எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. பொரிப்பதற்கு முன் குளிர் உடுப்புகளெல்லாம் பைக்குள் போகவேண்டும். படுக்கையறைக் கதவுகள் பூட்டவேண்டும். பல்கனிக் கதவு திறக்கவே கூடாது. மீன் என்றால், கீழ்வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகுதான்.

ஒஸ்லோவிலிருந்து மூன்று மணித்தியால ஓட்டத்தில் ஓர் ஏரிக்கரை. விடுமுறைக்காரர் தங்கும் கம்பிங்கில் வண்டிகள் வரிசையாக நின்றன. எங்களுக்கு அடுத்த கரவன் வண்டியில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு நோர்வேஜியப் பெண், நாயோடு தனியாக. கோடை முழுவதும் அங்கேயே இருப்பவர். மகள் முதல்நாளே நாயோடு சிநேகமாகிவிட்டாள்.

இரண்டாம் நாள் பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. மகள் நனைந்து வந்து, சாரதி இருக்கைக்கு மேலிருந்த படுக்கைத் தட்டில் ஏறிப் படுத்தாள். அவளுடைய உடுப்புகளைக் காய வைக்க காஸ் ஹீற்றரை மூட்டினோம். அப்போதுதான் கணவர் உதிரிச் சில்லின் பெட்டிக்குள்ளிருந்து மூன்று பைகளால் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஒஸ்லோவில் குறொன்லாண்ட் தமிழ்க் கடையில் எனக்குத் தெரியாமல் வாங்கிய கட்டாக் கருவாடு.

"மழையும் புட்டும் கருவாட்டுப் பொரியலும். இதுக்கு மேல என்ன விடுமுறை?"

"இஞ்சையோ? பக்கத்தில ஆக்கள் இருக்கினம்."

"அவை தங்கட வண்டிக்குள்ளை, நாங்கள் எங்கட வண்டிக்குள்ளை."

"மணத்துக்குத் தெரியுமோ அது?"

ஆனால் எனக்கும் வாயூறியது. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆகவே மணத்துக்கு வழி அடைத்தேன். ஜன்னல்களை இறுக்கிப் பூட்டினேன். கூரையில் இருந்த சிறு ஜன்னலை மூடினாலும் அதன் ஓரக் கீறல்களால் காற்றுப் போகும். குப்பைப் பையை விரித்து அதன்மேல் ஒட்டுநாடாவால் ஒட்டினேன். கதவடியில், தரையில், உள்ளங்கையளவு கம்பி வலைத் துவாரம் ஒன்று. அதற்குள் கணவர் இரவில் உடுக்கும் சாரத்தைச் சுருட்டி அடைத்தேன்.

"என்ர சாரத்தால வண்டிக்குக் கோவணம் கட்டுறீர்" என்று சிரித்தார்.

ஒரு அடுப்பில் புட்டு அவிந்தது. மற்றதில் கருவாடு. ஹீற்றர் ஒரு பக்கம். ஜன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் வழியத் தொடங்கியது.

"அம்மா, தலையிடிக்குது. ஜன்னலைத் திறவுங்கோ."

"மணம் அடங்கட்டும். பத்து நிமிசம் பொறு."

கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டாள். வளைவு வளைவான பாதையில் வந்த களைப்பு, நாள் முழுக்கப் பார்த்த தொலைபேசி என்று நான் காரணங்களை அடுக்கினேன். மூன்றாம் தரம் கேட்டபோது அவள் குரல் தாழ்ந்திருந்தது. "இந்தா, முடிஞ்சுது" என்றேன். அடுப்புச் சுவாலை நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறியிருந்தது. காஸ் முடியப்போகிறது என்று நினைத்தேன். உயர்தரத்தில் இரசாயனம் படித்தவள் நான். ஒட்சிசன் போதாவிட்டால் சுவாலை மஞ்சளாகும், நச்சுவாயு உண்டாகும் என்று எழுதிப் புள்ளி வாங்கியவள். அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே கருவாட்டைப் புரட்டினேன்.

கதவில் தட்டுச் சத்தம். அடுத்த கரவன்காரி, மழை அங்கியோடு, ஒரு தட்டில் வாஃபல் கொண்டுவந்திருந்தார். நான் ஒரு சாண் மட்டும் திறந்து, மணம் வெளியே போகாமல் என் உடம்பால் இடைவெளியை மறைத்துக்கொண்டு நின்றேன். நன்றி சொன்னேன். தட்டை வாங்கினேன். கதவைச் சாத்தப் போனேன். அவர் கையை வைத்துத் தடுத்தார்.

"உங்கள் ஜன்னலெல்லாம் தண்ணீராக வழிகிறதே. எல்லாம் சரியா?"

"சரி, சரி."

என் முகத்தையே பார்த்தார். "மகள் எங்கே?"

"நித்திரை."

"இந்த நேரத்திலா?"

திரும்பி மகளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. உரத்துக் கூப்பிட்டேன். மேலே படுக்கையின் விளிம்பில் அவளுடைய கை தொங்கியது. அது அசையவில்லை.

அந்தப் பெண் கதவை முழுக்க இழுத்துத் திறந்தார். கணவர் படுக்கைத் தட்டில் ஏறினார். அவரும் தள்ளாடினார். எப்படியோ மூவரும் சேர்ந்து பிள்ளையை இறக்கி ஈரப் புல்லில் கிடத்தினோம். நான் அவளுடைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேன். மழை அவளுடைய முகத்தில் விழுந்தது. அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. நான் அந்தச் சுளிப்புக்காகக் காத்திருந்தேன். பிறகு ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். இரண்டு கைகளாலும் ஏந்தினேன்.

அந்தப் பெண் அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பையும் காஸையும் நிறுத்தினார். வெளியே வரும்போது கையில் சாரம்.

"இது ஏன் அங்கே இருந்தது?"

"குளிருக்கு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் வைத்தியரும் அதையே கேட்டார். அவருக்கும் குளிர் என்றேன். கணவர் தரையைப் பார்த்தார். மகள் ஒட்சிசன் முகமூடிக்கு மேலால் என்னைப் பார்த்தாள். மறுநாள் அவளை வீட்டுக்கு விட்டார்கள். பாதிப்பு ஒன்றும் இல்லை என்றார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால்..." என்று தொடங்கிய வைத்தியர் வசனத்தை முடிக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு நாளும் முடித்துப் பார்க்கிறேன்.

வாஃபல் தட்டு எங்களோடு வந்துவிட்டது. அம்புலன்ஸில் ஏறும்போதுகூட அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று கணவர் சொன்னார். நீலக் கரை போட்ட தட்டு. கம்பிங்கில் நிற்கும் வண்டியை இரண்டு கிழமைக்குள் எடுக்கவேண்டும். தட்டையும் கொடுக்கவேண்டும். வெறும் தட்டாகக் கொடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. கேக் அடிக்கப்போகிறேன் என்றேன்.

"கேக் வேண்டாம்" என்றாள் மகள். "மீன் றோல்ஸ் செய்யுங்கோ. எங்கட சாமான்தான் குடுக்கோணும்."

"பொரிக்க வேணுமே."

"ஓம். ஜன்னலைத் திறந்துபோட்டுப் பொரியுங்கோ." பிறகு, கோபம் எதுவும் இல்லாமல் சொன்னாள்: "நான் மூண்டு தரம் கேட்டனான், அம்மா. நீங்கள் குளிர் எண்டு சொன்னீங்கள்."

பல்கனிக் கதவைத் திறந்து வைத்து, ஒரு சனிக்கிழமை காலை பொரித்தேன். பாதியில், கீழ்வீட்டில் ஒரு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. காற்றுக்கா, எனக்கா என்று தெரியவில்லை. வியர்த்தது. கதவுவரை போனேன். மகள் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி என்னையே பார்த்தாள். திரும்பி வந்து அடுத்த நாலு றோல்ஸை எண்ணெயில் போட்டேன்.

கம்பிங்கில் அந்தப் பெண்ணிடம் தட்டைக் கொடுத்தேன். வழியெல்லாம் மனதுக்குள் ஒழுங்குபடுத்திய நோர்வேஜிய வசனம் வரவில்லை. "அது குளிருக்கு இல்லை" என்றேன். "நாங்கள் மீன் பொரித்தோம். உங்களுக்கு மணக்கக்கூடாது என்று அடைத்தேன். அவள் ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். நான் திறக்கவில்லை."

அவர் எங்கள் வண்டியைப் பார்த்தார். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேனோ என்னவோ. "அன்றைக்கு இந்த வரிசையில் எல்லா வண்டியிலிருந்தும் ஏதோ ஒரு மணம் வந்தது" என்றார். "உங்களுடையதில் மட்டும் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் தண்ணீர் மட்டும்தான். அதனால்தான் வந்து தட்டினேன்." நின்றபடியே ஒரு றோல்ஸைக் கடித்தார். உறைப்பில் கண் கலங்கியது. நாய் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கணவர் பூபிலை ஓட்ட, நானும் மகளும் அவரோடேயே வந்தோம். கூரையிலிருந்த குப்பைப் பையை அவரே கிழித்து எறிந்திருந்தார். ஜன்னல்களையெல்லாம் நான் திறந்து வைத்திருந்தேன். திரைச்சீலைகள் படபடவென்று அடித்தன. வண்டிக்குள் இன்னும் கருவாடு மணந்தது.

"அம்மா, குளிருது. பூட்டுங்கோ."

பிடியில் கையை வைத்தேன். கை அசையவில்லை. கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார்.

"அம்மா, உண்மையா குளிருது."

மூன்றாம் தரம் கேட்க முன் பூட்டினேன். இரண்டு விரல் இடைவெளி விட்டு.